வலுவூட்டப்பட்ட கிளைக்குழாய்ப் பொருத்திகள்

வலுவூட்டப்பட்ட கிளைக்குழாய்ப் பொருத்தி என்பது, அழுத்தத்துடன் நீராவி, எரிவாயு, எண்ணெய் முதலியவற்றைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாயில் துளையிட்டுக் கிளைக் குழாய் எடுக்கும்போது, அந்தத் துளையால் இழக்கப்படும் வலிமையைத் தன் தடித்த உடலால் ஈடுசெய்யும் எஃகுப் பொருத்தி ஆகும். அடித்து வார்க்கப்பட்ட எஃகுத் துண்டிலிருந்து செய்யப்படும் இப்பொருத்தியின் அடிப்பகுதி முதன்மைக் குழாயின் வளைவுக்கு ஏற்பக் குழிவாக அமைந்திருக்கும். ஆலைகளில் முதன்மைக் குழாயை 'ஹெடர்' அல்லது 'மெயின் லைன்' என்றும், பொருத்தியைப் பொதுவாக 'ஓலெட்' என்றும் அழைப்பர். 'வெல்டோலெட்' என்ற பெயர் அமெரிக்காவின் பானி ஃபோர்ஜ் நிறுவனத்தின் வணிகப் பெயர். இன்று அது தொழிலில் பொதுப் பெயர்போல் வழங்குகிறது.

காவிரிப் படுகையில் இப்பொருத்திகள் இரண்டு வேறுபட்ட தொழில்களில் பயன்படுகின்றன. ஒன்று, புழுங்கல் அரிசி ஆலைகளின் நீராவிக் குழாய்கள். மற்றொன்று, எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் அவற்றைச் சார்ந்த நிலையங்களையும் இணைக்கும் குழாய்கள். இவ்விரண்டிலும் அழுத்தம், ஆபத்து, மேற்பார்வை ஆகியவை மிகவும் வேறுபடுவதால், பொருத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்க இப்பகுதி பொருத்தமான எடுத்துக்காட்டாக உள்ளது.

துளை ஏன் குழாயைப் பலவீனப்படுத்துகிறது

குழாயின் உள்ளே இருக்கும் அழுத்தம் அதன் சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கிறது. இதை வளைய இழுவிசைத் தகைவு என்பர். ஒரு பீப்பாயைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டை தாங்கும் விசையைப் போன்றது இது. சுவரில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்தால், அந்த இடத்தில் இருந்த உலோகம் தாங்கிவந்த விசை துளையின் ஓரங்களுக்கு மாறுகிறது. அதனால் துளையைச் சுற்றித் தகைவு பெருகுகிறது.

ஆற்றங்கரையில் மதகு வைப்பதும் இதே சிக்கல்தான். கரையை வெட்டிய இடத்தில் வெறும் மண்ணை விட்டுவைத்தால் வெள்ளத்தில் அந்த இடமே முதலில் உடையும். ஆகவேதான் மதகின் இருபுறமும் கட்டுமானச் சுவர் எழுப்பப்படுகிறது. குழாயிலும் வெட்டப்பட்ட உலோகத்துக்கு ஈடான உலோகம் துளைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். இந்தக் கோட்பாடு 'பரப்பு ஈட்டு முறை' எனப்படுகிறது. ஆலைக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3, மின்நிலையக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.1 ஆகிய இரு நெறிமுறைகளும் இதைப் பின்பற்றுகின்றன.

கணக்கில் மூன்று இடங்களில் உள்ள உபரி உலோகம் ஈடாக ஏற்கப்படுகிறது: முதன்மைக் குழாயின் சுவரில் அழுத்தத்துக்குத் தேவையானதை விட அதிகமாக உள்ள தடிமன், கிளைக் குழாயின் சுவரில் உள்ள அதே வகை உபரி, தனியாகச் சேர்க்கப்படும் உலோகம். துளையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் உலோகம் கணக்கில் வராது.

கிளை எடுக்கும் முறைகள்

கிளை எடுக்க ஓலெட் மட்டுமே வழி அல்ல. நடைமுறையில் உள்ள முறைகள் வருமாறு:

• டீ: முதன்மைக் குழாயை வெட்டி, மூன்று வாய் உள்ள ஆயத்தப் பொருத்தியை இடையில் வைத்து வெல்டிங் செய்வது. வலிமையும் சீரான வடிவமும் கொண்டது. ஆனால் மூன்று வெல்டு இணைப்புகள் தேவை. பெரிய குழாயில் சிறிய கிளைக்கு விலை கூடும்.

• நேரடி இணைப்பு: குழாயில் துளையிட்டு, கிளைக் குழாயின் முனையை வளைவுக்கேற்ப வெட்டி நேராக வெல்டிங் செய்வது. செலவு மிகக் குறைவு. சேர்க்கப்பட்ட உலோகம் எதுவும் இல்லை.

• பேட் வைத்த இணைப்பு: நேரடி இணைப்பைச் சுற்றி வளையமாக ஒரு எஃகுத் தகட்டைப் பொருத்தி வெல்டிங் செய்வது. உலோகம் சேர்கிறது, ஆனால் தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி இருப்பதால் வெப்பநிலை அடிக்கடி மாறும் குழாய்களுக்கு அவ்வளவு ஏற்றதல்ல. தகட்டில் ஒரு சிறு துளை விடப்பட வேண்டும். வெல்டிங்கின்போது உள்ளே சிக்கும் காற்று அதன் வழியே வெளியேறும். பின்னாளில் உள் வெல்டில் கசிவு ஏற்பட்டால் முதலில் தெரிவதும் அதன் வழியேதான்.

• அரை கப்ளிங்: சிறிய கிளைகளுக்குக் கப்ளிங்கின் பாதியைக் குழாய்மேல் வெல்டிங் செய்வது. சிறிய ஆலைகளில் மிகவும் காணப்படும் முறை. அதன் அடி தட்டையாக இருப்பதால் குழாயின் வளைவோடு பொருந்தும்படி தேய்த்துச் சீர்செய்ய வேண்டும்.

• ஓலெட்: வளைவும் வெல்டிங்குக்கான சாய்வும் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டு, தேவையான உபரி உலோகத்தைத் தன்னுள்ளே கொண்ட பொருத்தி.

ஓலெட் வகைகள்

கிளைக் குழாய் எவ்வாறு இணைகிறது என்பதைப் பொறுத்து ஓலெட்டுகள் பெயர் பெறுகின்றன.

வெல்டோலெட்டின் வாய் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். கிளைக் குழாய் அதனோடு முனைக்கு முனை வெல்டிங் செய்யப்படும். பொதுவாக 2 அங்குலத்துக்கு மேற்பட்ட கிளைகளுக்கும், இடுக்கு இருக்கக் கூடாத பணிகளுக்கும் இதுவே பொருத்தமானது.

சாக்கோலெட்டில் கிளைக் குழாய் ஒரு குழிக்குள் நுழைந்து, வெளியே சுற்றி வெல்டிங் செய்யப்படும். பெரும்பாலும் 2 அங்குலமும் அதற்குக் குறைவானதுமான கிளைகளுக்குப் பயன்படுகிறது. குழாயைக் குழியின் அடிவரை முட்ட வைத்து வெல்டிங் செய்யக் கூடாது, சுமார் 1.5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இல்லையெனில் சூட்டில் குழாய் நீளும்போது வெல்டு விரிசல் விடும்.

த்ரெடோலெட்டில் திருகு மரை இருக்கும். அழுத்தமானி, காற்று வெளியேற்றும் வால்வு போன்றவற்றுக்கு ஏற்றது. மரையின் பள்ளம் குழாயின் சுவரை மெலியச் செய்வதால் அதிர்வு உள்ள இடங்களிலும், தீப்பற்றும் வாயு செல்லும் குழாய்களிலும் இதைத் தவிர்ப்பது வழக்கம்.

லாட்ரோலெட் 45 பாகைச் சாய்வில் கிளை எடுக்கப் பயன்படுகிறது. எல்போலெட் வளைவுக் குழாயின் வெளிப்புறத்தில் பொருத்தப்படுவது. வெப்பமானி செருகவும், வடிகால் எடுக்கவும் உதவும். நிப்போலெட்டில் குறுகிய குழாய்த் துண்டு உடலோடு சேர்ந்தே இருக்கும். வால்வை நேராக இணைக்கலாம். ஸ்வீப்போலெட் முதன்மைக் குழாயின் சுவருக்குள் பதிந்து, அதனோடு முனைக்கு முனை வெல்டிங் செய்யப்படும் வகை. அதன் வடிவம் மிகச் சீரானது. வெல்டை ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சோதிக்கவும் முடியும். விலை அதிகம் என்பதால் கடுமையான பணிகளுக்கு மட்டுமே வாங்குவர்.

வெல்டோலெட், சாக்கோலெட், த்ரெடோலெட் ஆகியவற்றின் அளவு, முனை வடிவம், சோதனை ஆகியவற்றை எம்.எஸ்.எஸ். எஸ்.பி-97 என்ற தரநிலை வரையறுக்கிறது. வெல்டோலெட்டுகள் சாதாரணம், கூடுதல் தடிமன், ஷெட்யூல் 160 என்றும், சாக்கோலெட், த்ரெடோலெட் ஆகியவை கிளாஸ் 3000, கிளாஸ் 6000 என்றும் பிரிக்கப்படுகின்றன. கிளாஸ் 3000 என்பது 3000 பவுண்டு அழுத்தம் தாங்கும் என்று பொருள்படாது. அது தடிமன் வகையின் பெயர் மட்டுமே. கிளாஸ் 3000 பொருத்தி கூடுதல் தடிமன் குழாய்க்கும், கிளாஸ் 6000 பொருத்தி ஷெட்யூல் 160 குழாய்க்கும் இணையானது. அது தாங்கும் அழுத்தம் இணைக்கப்படும் குழாயின் தடிமனையும் வெப்பநிலையையும் பொறுத்தது.

காவிரிப் படுகையில் பயன்பாடு: புழுங்கல் அரிசி ஆலைகள்

புழுங்கல் அரிசிக்கு நெல்லை வெந்நீரில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, பின்னர் உலர்த்துவர். நவீன ஆலைகளில் இந்த மூன்று கட்டங்களுக்கும் ஒரே உமிக் கொதிகலனிலிருந்து நீராவி செல்கிறது. கொதிகலனிலிருந்து வரும் முதன்மைக் குழாயிலிருந்து ஊறல் தொட்டிகளுக்கும், அவிக்கும் கலன்களுக்கும், உலர்த்தியின் வெப்பமூட்டிக்கும் தனித்தனிக் கிளைகள் பிரிகின்றன. அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, நீர் வடிப்பான் ஆகியவற்றுக்குச் சிறிய கிளைகள் வேறு உண்டு. ஒரு நடுத்தர ஆலையிலேயே இவ்வாறு பல கிளை இணைப்புகள் அமைகின்றன.

படுகையில் குறுவை அறுவடை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதுகிறது. ஈர நெல்லைக் காப்பாற்றும் தேவையே இப்பகுதியில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கு வழிவகுத்தது. 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர் தஞ்சாவூருக்கு மாறி, இன்று நிஃப்டெம்-தஞ்சாவூர் என்ற தேசிய நிறுவனமாக வளர்ந்துள்ளது.

ஊறவைத்த நெல் காத்திருக்காது. நீராவிக் குழாயில் ஓர் இணைப்பு கசிந்து ஆலை நின்றால், தொட்டியில் ஊறிய நெல் புளித்து, அரிசியின் நிறமும் மணமும் கெடும். அதைவிடப் பெரியது தொழிலாளர்களின் பாதுகாப்பு. கசியும் நீராவி முழுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிவரும் இடத்தை ஒட்டிய பகுதி நிறமற்றதாக இருக்கும், வெண்புகைபோல் தெரிவது சற்று விலகிக் குளிர்ந்த பின்னரே. வெல்டு திடீரெனப் பிரிந்தால் அருகில் நிற்பவருக்கு விலக நேரம் இருக்காது.

காவிரிப் படுகையில் பயன்பாடு: எண்ணெய், எரிவாயு

காவிரிப் படுகையின் நிலப்பகுதியில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் பணியை ஓ.என்.ஜி.சி. நிறுவனம் காரைக்காலை மையமாகக் கொண்டு நடத்துகிறது. நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் 1993-ல் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. குத்தாலம், கோவில்களப்பால் ஆகிய இடங்களில் இப்பகுதி எரிவாயுவைப் பயன்படுத்தும் மின்நிலையங்கள் அமைக்கப்பட்டன. கிணறுகளிலிருந்து சேகரிப்பு நிலையங்களுக்குச் செல்லும் குழாய்கள் பல இடங்களில் நெல் வயல்களின் அடியில் செல்கின்றன.

2017 ஜூன் 30 அன்று கும்பகோணம் அருகே கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் நிலத்தில் பரவியது. அதைத் தொடர்ந்து நடந்த போராட்டங்கள் மாநிலம் முழுவதும் பேசப்பட்டன. 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடைசெய்யும் இச்சட்டம், முன்பே இயங்கிவரும் பணிகளைப் பாதிக்காது. எனவே பழைய குழாய்களையும் அவற்றின் இணைப்புகளையும் நல்ல நிலையில் வைத்திருப்பது விவசாயிகளுக்கும் நிறுவனத்துக்கும் ஒருசேர முக்கியமானதாகிறது.

இரண்டு மாதிரிக் கணக்குகள்

கீழே உள்ள எண்கள் எந்தக் குறிப்பிட்ட ஆலையையும் சார்ந்தவை அல்ல. முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. இரண்டிலும் 8 அங்குலக் குழாயிலிருந்து (வெளிவிட்டம் 219.1 மி.மீ.) 4 அங்குலக் கிளை (வெளிவிட்டம் 114.3 மி.மீ.) 90 பாகையில் எடுக்கப்படுகிறது. எஃகின் அனுமதிக்கப்பட்ட தகைவு 138 மெகாபாஸ்கல். உற்பத்தியில் குழாய்ச் சுவர் 12.5 விழுக்காடு வரை குறையலாம் என்பதால் அந்தக் குறைவும் கழிக்கப்படுகிறது.

முதல் கணக்கு, அரிசி ஆலை நீராவி. அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ, அதாவது சுமார் 1.03 மெகாபாஸ்கல், நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 185 பாகை செல்சியஸ். இரு குழாய்களும் ஷெட்யூல் 40. முதன்மைக் குழாயின் பெயரளவுத் தடிமன் 8.18 மி.மீ.; குறைவு போக 7.16 மி.மீ. அழுத்தத்தைத் தாங்கத் தேவையானது 0.82 மி.மீ. மட்டுமே. துருவுக்கு 1.5 மி.மீ. ஒதுக்கினாலும் 4.8 மி.மீ.க்கு மேல் உபரி உள்ளது. துளையின் கணக்கீட்டு விட்டம் சுமார் 107 மி.மீ. ஈடுசெய்ய வேண்டிய பரப்பு 87 சதுர மி.மீ.; முதன்மைக் குழாயின் உபரியே தரும் பரப்பு சுமார் 517 சதுர மி.மீ. தேவையைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு.

இரண்டாம் கணக்கு, உயர் அழுத்த எரிவாயு. அழுத்தம் 10 மெகாபாஸ்கல், அதாவது 100 பார். இரு குழாய்களும் ஷெட்யூல் 80. முதன்மைக் குழாயின் தடிமன் 12.7 மி.மீ.; குறைவு போக 11.1 மி.மீ. அழுத்தத்துக்குத் தேவை 7.7 மி.மீ. துருவுக்கு 3 மி.மீ. ஒதுக்கினால் எஞ்சும் உபரி 0.4 மி.மீ. மட்டுமே. ஈடுசெய்ய வேண்டிய பரப்பு சுமார் 812 சதுர மி.மீ.; முதன்மைக் குழாயும் கிளைக் குழாயும் சேர்ந்து தருவது சுமார் 52 சதுர மி.மீ. மீதி 760 சதுர மி.மீ. உலோகத்தை வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும். அதே தடிமனில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 35 மி.மீ. அகலமுள்ள பேட் அல்லது தகுந்த வெல்டோலெட் அல்லது டீ தேவைப்படும்.

ஒரே அளவுள்ள இரு இணைப்புகளில், ஒன்றில் வலுவூட்டல் தேவையே இல்லை. மற்றொன்றில் அது இல்லாமல் இணைக்கவே கூடாது. 'பெரிய கிளை என்றால் வலுவூட்டு, சிறிய கிளை என்றால் வேண்டாம்' என்ற வாய்மொழி விதி இதனால் செல்லாது. தேவையைத் தீர்மானிப்பது கிளையின் அளவைக் காட்டிலும் சுவரில் எஞ்சியுள்ள உபரியே.

அழுத்தக் கணக்கு சொல்லாதவை

முதல் கணக்கைப் பார்த்து, அரிசி ஆலையில் எந்த இணைப்பும் போதும் என்று முடிவு செய்யக் கூடாது. அந்தக் கணக்கு உள் அழுத்தத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஆலையில் இணைப்புகளை உடைப்பவை பெரும்பாலும் வேறு காரணங்கள்.

முதலாவது அதிர்வு. சிறிய கிளையின் முனையில் கனமான வால்வு தாங்கல் இன்றித் தொங்கினால், ஊதுவிசிறி, பம்பு ஆகியவற்றின் அதிர்வில் அது ஆடிக்கொண்டே இருக்கும். வெல்டின் ஓரத்தில் உலோகம் களைத்து மயிரிழை விரிசல் தோன்றும். தடித்த ஓலெட் இதைத் தாமதப்படுத்தும். ஆனால் முறையான தீர்வு வால்வுக்குத் தாங்கல் கொடுப்பதே.

இரண்டாவது வெப்ப விரிவு. 30 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 30 பாகையிலிருந்து 185 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 55 மி.மீ. நீளும். கிளை அசைய இடமின்றிக் கட்டப்பட்டிருந்தால் அந்த நீட்சி முழுவதும் இணைப்பை வளைக்கும். பி31.3 நெறிமுறையில் நீண்டகாலம் பயன்பட்ட வாய்பாட்டின்படி, வளைக்கும் விசையால் வலுவூட்டப்படாத நேரடி இணைப்பில் எழும் தகைவு, ஓலெட் இணைப்பில் எழுவதைப் போல் சுமார் 2.2 மடங்கு. தினமும் கொதிகலனை ஏற்றி இறக்கும் ஆலையில் இந்த வேறுபாடு ஆயுளைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது நீர் மோதல். காலையில் குளிர்ந்த குழாயில் நீராவியை வேகமாகத் திறந்தால், அடியில் தேங்கிய நீரை நீராவி தள்ளிக்கொண்டு போய் வளைவிலும் கிளையிலும் மோதும். ஆகவே நீராவிக் கிளையை முதன்மைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். அடிப்புறத்தில் நீர் வடியும் கிளையைத் தனியே வைக்க வேண்டும்.

நான்காவது துரு. திரும்பிவரும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் கரியமில வாயுவும் குழாயின் உட்புறத்தை அரிக்கின்றன. வெப்பக் காப்புக்குள் மழைநீர் புகுந்தால் வெளிப்புறமும் அரிக்கும். கிளை இணைப்பைச் சுற்றிக் காப்பு சரியாக மூடப்படாமல் இருப்பதால் நீர் புகும் இடமும் பெரும்பாலும் அதுவே.

தேர்ந்தெடுக்கும் முறை

பொருத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வரும் வரிசையில் சிந்திப்பது பயனுள்ளது.

1. பணி: உள்ளே செல்வது என்ன, அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை என்ன என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். எந்த நெறிமுறை பொருந்தும் என்பதும் இதைப் பொறுத்ததே.

2. அளவு விகிதம்: கிளையும் முதன்மைக் குழாயும் ஒரே அளவு என்றால் டீ. கிளை ஓரளவு மட்டும் சிறியது என்றால் குறுகும் டீ. கிளை மிகச் சிறியது என்றால் ஓலெட் சிக்கனமானது. பெரும்பாலான நிறுவனங்கள் இதை ஒரு கிளை அட்டவணையாகவே வைத்திருக்கும். இரு அளவுகளும் சந்திக்கும் கட்டத்தில் எந்தப் பொருத்தி என்று குறித்திருக்கும்.

3. வலுவூட்டல் கணக்கு: மேலே காட்டியபடி உபரிப் பரப்பைக் கணக்கிட வேண்டும். தரநிலைக்கு உட்பட்ட ஓலெட்டை அதற்குரிய குழாயில் பயன்படுத்தும்போது இந்தக் கணக்கை உற்பத்தியாளரே செய்திருப்பார். முதன்மைக் குழாயின் தடிமன் கிளையின் தடிமனிலிருந்து வேறுபட்டால் இரண்டையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. முனை வகை: 2 அங்குலமும் அதற்குக் குறைவானதும் என்றால் சாக்கோலெட், கழற்றி மாட்ட வேண்டிய கருவி என்றால், அபாயமற்ற பணியில் மட்டும், த்ரெடோலெட், இடுக்கில் திரவம் தேங்கி அரிக்கும் வாய்ப்பு, கடும் அதிர்வு, அல்லது பெரிய அளவு என்றால் வெல்டோலெட்.

5. உலோகம்: கார்பன் எஃகுக் குழாய்க்கு ஏ.எஸ்.டி.எம். ஏ105, கடுங்குளிர்ப் பணிக்கு ஏ350 எல்.எஃப்.2; உயர்வெப்பக் கலப்பு எஃகுக்கும் துருப்பிடிக்கா எஃகுக்கும் ஏ182 வகைகள். பொருத்தியின் உலோகம் குழாயோடு ஒத்திருக்க வேண்டும்.

6. சோதனை வசதி: ஓலெட்டுக்கும் முதன்மைக் குழாய்க்கும் இடையிலான வெல்டை ஊடுகதிர்ப் படம் எடுப்பது கடினம், ஏனெனில் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. மேற்பரப்பைச் சாயம் அல்லது காந்தத் துகள் முறையில் சோதிப்பதே வழக்கம். முழுச் சோதனை கட்டாயம் என்றால் டீ அல்லது ஸ்வீப்போலெட்டை நாட வேண்டும்.

வாங்கும்போது முதன்மைக் குழாயின் அளவு, கிளையின் அளவு, தடிமன் வகை அல்லது கிளாஸ், முனை வகை, உலோகம் ஆகிய ஐந்தையும் குறிப்பிட வேண்டும். சிறிய ஓலெட் ஒன்று அடுத்தடுத்த பல குழாய் அளவுகளுக்குப் பொதுவாகச் செய்யப்படுவதுண்டு. அந்த வரம்பு பொருத்தியின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். வரம்புக்கு வெளியே பயன்படுத்தினால் வளைவு பொருந்தாது. இடைவெளியை வெல்டிங்கால் நிரப்ப நேரிடும்.

வெல்டிங்கில் நேரும் பிழைகள்

நல்ல ஓலெட்டும் தவறான வெல்டிங்கால் பயனற்றுப்போகும். மிகவும் பரவலான பிழை, வெல்டைப் பாதியில் நிறுத்துவது. ஓலெட்டின் அடியைச் சுற்றியுள்ள சாய்வு முழுவதும் மேல் விளிம்புவரை நிரப்பப்பட வேண்டும். சிறிதளவு மட்டும் நிரப்பினால் கசிவு இருக்காது, அழுத்தச் சோதனையும் தேறிவிடலாம். ஆனால் ஓலெட்டின் உபரி உலோகம் குழாயோடு சேராததால் வலுவூட்டல் என்பதே இல்லாமல் போகிறது. ஓலெட் வெளியே தடிப்பாகத் தெரிவதால் இந்தக் குறை பார்வைக்கும் எளிதில் படாது.

மற்றொரு பிழை, துளையை ஓலெட்டின் உள்விட்டத்தைவிடச் சிறியதாகவோ கரடுமுரடாகவோ விடுவது. வாயு வெட்டியால் வெட்டிய பின் ஓரத்தைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். வெட்டிய வட்டத் துண்டு குழாய்க்குள் விழுந்துவிடாமல் எடுக்க வேண்டும். மெல்லிய முதன்மைக் குழாயில் தடித்த ஓலெட்டை ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் குழாய் வளையும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி, சிறு சிறு பகுதிகளாக வெல்டிங் செய்வது இதைக் குறைக்கும்.

இயங்கும் குழாயில் நிறுத்தாமலே கிளை எடுக்கும் முறை 'ஹாட் டேப்பிங்' எனப்படும். குழாய்ச் சுவர் போதிய தடிமன் இல்லாவிட்டால் வெல்டிங் நெருப்பு சுவரைத் துளைத்துவிடும். ஏ.பி.ஐ. 2201 வழிகாட்டி பொதுவாகக் குறைந்தது 4.8 மி.மீ. தடிமனைப் பரிந்துரைக்கிறது. பழைய குழாயில் பெயரளவுத் தடிமனை நம்பாமல், வெல்டிங் செய்யும் இடத்திலேயே மீயொலிக் கருவியால் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

சட்டமும் மேற்பார்வையும்

இந்தியாவில் நீராவிக் குழாய்கள் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டவை. இவற்றுக்கு அடிப்படையாக இருந்த 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நீராவி செல்லும் குழாய் இவ்விதிகளின்படி 'நீராவிக் குழாய்' ஆகும். அதில் பயன்படும் பொருத்திகளுக்கு உரிய படிவச் சான்றிதழ் இருக்க வேண்டும். பொருத்திகளுக்கு அது படிவம் 3-சி. வெல்டிங் செய்பவரும் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். சந்தையில் 'ஐ.பி.ஆர். பைப்', 'ஐ.பி.ஆர். ஃபிட்டிங்' என்று கேட்பது இதனால்தான். சான்றிதழ் இல்லாத பொருத்தி பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். அதன் உலோகம் என்ன என்பதற்கு மட்டும் எந்த உறுதியும் இருக்காது.

காவிரிக்கரை ஆலைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1960-களில் தொடங்கிய பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையும், அதனோடு சேர்ந்து 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும், அவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு தொழிற்கூடங்களும் அப்பகுதியில் தேர்ச்சி பெற்ற வெல்டர்களை உருவாக்கியுள்ளன. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ உள்ள ஓர் ஆலைக்குத் தகுதியுள்ள வெல்டரும் சான்றிதழ் உள்ள பொருத்தியும் எட்டாத தொலைவில் இல்லை.

பராமரிப்பு

அறுவடைக்கு முந்தைய ஓய்வுக்காலம் கிளை இணைப்புகளைச் சோதிக்க ஏற்ற காலம். காப்பை நீக்கி வெல்டின் ஓரத்தில் துருக்கோடு, வெண்படிவு, மயிரிழை விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இணைப்பைச் சுற்றி நான்கு திசைகளிலும் சுவர்த் தடிமனை அளந்து குறித்துவைத்தால், ஆண்டுதோறும் எவ்வளவு தேய்கிறது என்பது தெரியும். பேட் வைத்த இணைப்பின் சிறு துளையில் நீர்க்கசிவு தென்பட்டால், அந்தத் துளையை அடைத்துவிடக் கூடாது. உள் வெல்டு விரிந்துள்ளது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. குழாயை நிறுத்திவிட்டு இணைப்பை மாற்ற வேண்டும்.